'அப்யூஸ்': ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ரஷ்ய மொழியில் எத்தனை சொற்கள்?

அதிகாரி பதவியை வைத்துக் காரியம் சாதித்துக்கொள்கிறார். வளர்ப்புத் தந்தை பிள்ளையை அடித்து வதைக்கிறார். ஒருவர் தெருவில் நின்று இன்னொருவரை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். இன்னொருவர் தூக்க மாத்திரையை அளவு மீறி விழுங்குகிறார். ஆங்கிலத்தில் இந்த நான்கையும் 'அப்யூஸ்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ரஷ்ய மொழி அப்படி விடாது. நடந்தது என்ன, யாருக்கு அல்லது எதற்கு நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சொல் தரும். தவறான சொல்லை எடுத்தால் சில இடங்களில் வாக்கியம் விசித்திரமாக ஒலிக்கும், அவ்வளவுதான். சில இடங்களில் அடி வாங்கிய ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவராகவே மாறிவிடுவார். காவல்துறை, மருத்துவமனை, குடியேற்ற அலுவலகம் ஆகியவற்றின் ஆவணங்களில் அது சிறிய பிழையல்ல.

முதலில் ஒலிப்பு பற்றி. ரஷ்யச் சொற்களை இங்கே கூடியவரை காதில் விழுவதுபோல் எழுதியிருக்கிறோம். ரஷ்ய எழுத்தில் 'ஓ' என்று இருந்தாலும், அழுத்தம் விழாத அசையில் அது 'அ' போலத்தான் ஒலிக்கும். ஆங்கிலச் சொல்லிலும் ஒரு நுட்பம் உண்டு. பெயர்ச்சொல்லாக வரும்போது அதன் கடைசி ஒலி பாம்பின் சீறல்; வினைச்சொல்லாக வரும்போது தேனீயின் ரீங்காரம். தமிழ் எழுத்தில் இரண்டும் 'ஸ்' தான். ஆங்கிலப் பேச்சைக் கேட்டு மொழிபெயர்ப்பவருக்கு இந்த வேறுபாடு உதவும்.

ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனில் 'அப்' என்றால் விலகி, 'ஊதி' என்றால் பயன்படுத்துதல். உரிய வழியிலிருந்து விலகிப் பயன்படுத்துவதே அடிப்படைப் பொருள். அதாவது தொடக்கத்தில் இது பொருள்களையும் உரிமைகளையும் பற்றிய சொல். அதோடு மனிதர்களைக் கொடுமைப்படுத்துவதும் அவர்களை ஏசுவதும் சேர்ந்துகொண்டன. ஏமாற்றுதல் என்ற பொருளும் ஒரு காலத்தில் இருந்தது. அது வழக்கொழிந்துவிட்டாலும் 'டிஸ்அப்யூஸ்' என்ற வினையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தவறான நம்பிக்கையில் இருப்பவரைத் தெளிய வைப்பது என்று அதற்குப் பொருள். ரஷ்யத்தில் அதை 'வீவெஸ்தி இஸ் ஸப்லுஷ்தேனியா' என்பார்கள்: மயக்கத்திலிருந்து வெளியே கொண்டுவருதல். கொடுமைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

ரஷ்ய மொழி அந்த லத்தீன் அடிப்படைப் பொருளைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லை வைத்திருக்கிறது: 'ஸ்லஉபத்ரெப்லேனியே'. 'ஸ்லோ' என்றால் தீமை, 'உபத்ரெப்லேனியே' என்றால் பயன்பாடு. தமிழ் வாசகருக்கு இது உடனே பிடிபடும், ஏனென்றால் நம்மிடம் இருக்கும் 'துஷ்பிரயோகம்' அச்சு அசலாக அதே கட்டுமானம்: கெட்ட பயன்பாடு. ஆனால் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவதும் இந்த ஒற்றுமையால்தான். தமிழில் 'அதிகார துஷ்பிரயோகம்' என்கிறோம். இலங்கைத் தமிழில் 'சிறுவர் துஷ்பிரயோகம்' என்பதும் நாளிதழிலும் அரசு அறிவிப்பிலும் வரும் வழக்குச் சொல். தமிழில் அந்தச் சொல் பொருளிலிருந்து மனிதருக்கும் நீண்டுவிட்டது. ரஷ்யச் சொல் அப்படி நீளவில்லை. அதிகாரம், உரிமை, நம்பிக்கை, மது, மருந்து, விருந்தோம்பல், பிறருடைய நேரம் ஆகியவற்றுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். ஒரு குழந்தையை நேரடியாக அதன் பக்கத்தில் வைத்தால், குழந்தை ஏதோ பயன்படுத்தும் பண்டம், அதை அளவு மீறிப் பயன்படுத்திவிட்டார்கள் என்பது போல ரஷ்யர் காதில் விழும்.

சட்டத்தில் இதன் இடம் மிக உறுதியானது. 1996ஆம் ஆண்டின் ரஷ்யக் குற்றவியல் சட்டத்தொகுப்பில் 285ஆம் பிரிவு அரசுப் பதவி அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றியது. 201ஆம் பிரிவு தனியார் நிறுவன நிர்வாகிகள் செய்யும் அதே குற்றம். உரிமையியல் சட்டத்தொகுப்பின் 10ஆம் பிரிவு, சட்டம் தந்த உரிமையையே பிறருக்குக் கேடு செய்யப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. சந்தையில் மேலாதிக்கம் உள்ள நிறுவனம் அதை வைத்துப் போட்டியாளர்களை நசுக்கினால், 2006ஆம் ஆண்டின் போட்டிப் பாதுகாப்புச் சட்டமும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. இந்த இடங்களில் வேறு சொல் தேடவே வேண்டாம்.

பேச்சு வழக்கில் இதன் வினைக்கு இன்னொரு குணம் உண்டு. தமிழில் 'அவர் குடிப்பார்' என்றால் என்ன குடிப்பார் என்று யாரும் கேட்பதில்லை. ரஷ்யத்திலும் 'ஓன் ஸ்லஉபத்ரெப்லியாயெத்', அதாவது 'அவர் அளவு மீறிப் பயன்படுத்துகிறார்', என்று எதை என்று சொல்லாமல் விட்டால், மதுதான். ஆங்கிலத்தில் 'அவர் கொடுமைக்காரர்' என்ற பொருளில் வந்த வாக்கியத்துக்கு இந்த வினையை மட்டும் எழுதினால், படிப்பவர் குடிகாரர் என்று புரிந்துகொள்வார்.

மனிதரையும் விலங்கையும் வதைப்பதற்கான சொல் 'அப்ரஷேனியே'. நடத்தும் விதம் என்று பொருள். அது தனியாக நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. முன்னால் ஓர் அடை சேர வேண்டும். 'ஷெஸ்தோக்கயே அப்ரஷேனியே' என்றால் கொடூரமாக நடத்துதல், 'ப்லஹோயே அப்ரஷேனியே' என்றால் மோசமாக நடத்துதல். ஆங்கிலத்தில் 'மிஸ்ட்ரீட்', 'மால்ட்ரீட்' என்ற சொற்கள் வந்தால் யோசனையே இல்லாமல் இந்தக் குடும்பத்துக்குப் போய்விடலாம். அவற்றுக்கு அப்யூஸ் போலப் பல முகங்கள் கிடையாது. குற்றவியல் சட்டத்தின் 245ஆம் பிரிவு, விலங்கு வதை, இந்தத் தொடரைத்தான் தலைப்பாகக் கொண்டிருக்கிறது. பிள்ளையை வளர்க்கும் கடமையில் தவறுவது பற்றிய 156ஆம் பிரிவிலும், அந்தத் தவறோடு கொடுமையும் சேர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் இதே தொடர் வருகிறது.

இங்கே ஒரு வினைச்சிக்கல் உண்டு. நீண்ட நாள் நடந்த கொடுமையைச் சொல்ல 'அப்ரஷாத்ஸா' என்ற முற்றுப்பெறா வினை, அதாவது தொடர்ந்தோ பலமுறையோ நடப்பதைச் சொல்லும் வினை வடிவம், சரி. ஒரே ஒரு முறை நடந்ததைச் சொல்ல, இலக்கண நூலில் அதற்கு இணையாகத் தோன்றும் 'அப்ரதீத்ஸா'வை எடுத்தால் பொருள் மாறிவிடும். அது 'முறையிட்டார்', 'நாடிப் போனார்' என்றாகும். ஒரு முறை நடந்த கொடுமைக்கு 'அபய்தீஸ்' என்ற வேறு வினையே வேண்டும். அகராதியை மட்டும் பார்த்து எழுதுபவர்கள் இங்கே தவறாமல் வழுக்குவார்கள்.

வேற்றுமை உருபுகளையும் இப்போதே பார்த்துவிடலாம். சொல் சரியாக இருந்து உருபு தவறினாலும் வாக்கியம் நிற்காது. நல்ல வேளையாகத் தமிழ் இலக்கணம் இங்கே கைகொடுக்கிறது. நம் மூன்றாம் வேற்றுமைக்குள் 'ஆல்' என்ற கருவியும் 'ஓடு' என்ற உடனிகழ்ச்சியும் சேர்ந்தே இருக்கின்றன அல்லவா? ரஷ்யத்திலும் ஒரே வேற்றுமை இரண்டையும் சுமக்கிறது. முன்னால் எதுவும் இல்லாமல் வந்தால் கருவி. 'ஸ்' என்ற முன்னிடைச்சொல்லோடு வந்தால் உடனிகழ்ச்சி. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு 'ஸ்லஉபத்ரெப்லியாத் வ்லாஸ்த்யு' என்பார்கள். 'அதிகாரத்தை' என்று இரண்டாம் வேற்றுமையில் எழுதத் தமிழரின் கையும் ஆங்கிலம் படித்தவரின் கையும் துடிக்கும். கூடாது, கருவி வேற்றுமைதான். குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவது 'ஷெஸ்தோக்கயே அப்ரஷேனியே ஸ் தெத்மி'. சொல்லுக்குச் சொல் பார்த்தால், குழந்தைகளோடு கொடுமையாக நடந்துகொள்ளுதல்.

வன்முறைக்கான 'நசீலியே' என்ற சொல் 'நத்' என்ற முன்னிடைச்சொல்லைக் கேட்கும். அதற்குப் பொருள் 'மேல்'. 'பெண்கள் மீதான வன்முறை' என்று தமிழில் சொல்வதுபோலவே அவர்களும் மேலே வைக்கிறார்கள். வேற்றுமை மறுபடியும் அதே கருவி வேற்றுமைதான். அவமதிப்பு வினை மட்டும் நேரடியாக இரண்டாம் வேற்றுமையை ஏற்கும்: யாரை அவமதித்தார்? அவரை.

'நசீலியே'வின் வேர் 'சீலா', பலம். வன்மையிலிருந்து வன்முறை வந்ததுபோல. குடும்ப வன்முறைக்கு 'தமாஷ்னெயே நசீலியே' என்பது நிலைபெற்ற தொடர். ஆங்கிலத்தில் உணர்வுரீதி, உளரீதி, பொருளாதாரரீதி என்று அடை சேர்த்து வரும் அப்யூஸ் எல்லாவற்றுக்கும், கையே ஓங்காவிட்டாலும், உளவியலாளர்களும் உதவி மையங்களும் நசீலியேவையே பயன்படுத்துகிறார்கள். எனவே பெயர்ச்சொல்லாக இது பரந்த, பாதுகாப்பான சொல்.

வினைச்சொல்லாக மாற்றும் கணத்தில் பாதுகாப்பு போய்விடும். 'நசீலவத்' என்ற வினைக்கு இன்றைய வழக்கில் முதல் பொருள் பாலியல் வன்புணர்வு. 'நசீல்னிக்' என்பவர் வன்புணர்வு செய்தவர், வெறும் முரடர் அல்லர். 'இஸ்னசீலவனியே' என்பது குற்றவியல் சட்டத்தின் 131ஆம் பிரிவில் உள்ள குற்றத்தின் பெயர். கணவர் பல ஆண்டுகள் கொடுமைப்படுத்தினார் என்ற ஆங்கில வாக்கியத்தை இந்த வினையால் எழுதினால், ஆங்கிலத்தில் சொல்லப்படாத ஒரு குற்றச்சாட்டை மொழிபெயர்ப்பாளர் புதிதாகச் சுமத்திவிடுகிறார். அங்கே 'இஸ்தெவால்ஸா நத் நேய்' என்று எழுதலாம்: அவளை வதைத்தான். இந்த வினையில் கேலியும் வதையும் ஒன்றாகக் கலந்திருக்கும்; எது என்பதைச் சூழல் சொல்லும். அடித்தார் என்று தெரிந்தால் அடித்தார் என்றே எழுதலாம். ஆனால் 'பபோயி' (அடிதடி), 'இஸ்தியஸானியே' (தொடர் சித்திரவதை) என்ற பெயர்ச்சொற்களை எடுக்கும்போது கவனம் வேண்டும். அவை முறையே 116, 117ஆம் பிரிவுகளின் தலைப்புகள். 2017 பிப்ரவரியில் கொண்டுவந்த திருத்தத்தால், நெருங்கிய உறவினரை முதல் முறை அடித்து உடல்நலக் கேடு எதுவும் நேராவிட்டால் அது குற்றவியல் சட்டத்திலிருந்து நிர்வாகச் சட்டத்துக்கு நகர்ந்துவிட்டது. ஆகவே எந்தச் சொல்லை எழுதுகிறோம் என்பது எந்தச் சட்டம் பேசும் என்பதையும் தொட்டுவிடும்.

இந்தச் சொல்லை ரஷ்யத்துக்குக் கொண்டுபோவது எவ்வளவு கடினம் என்பதற்கு 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையே சாட்சி. அதன் ரஷ்யப் பாடம் சாதாரண மொழிபெயர்ப்பு அல்ல; ஆங்கிலம் உள்ளிட்ட ஆறு மொழிப் பாடங்களுக்கும் சம அதிகாரம் உண்டு. 19ஆம் பிரிவின் ஆங்கிலத்தில் காயம், அப்யூஸ் என்று அடுத்தடுத்து வரும் இடத்தில், ரஷ்யப் பாடத்தில் 'அஸ்கர்ப்லேனியே', 'ஸ்லஉபத்ரெப்லேனியே' என்று இருக்கிறது: அவமதிப்பு, தவறான பயன்பாடு. அதே பிரிவில் பாலியல் அப்யூஸ் என்பதற்கும் ஸ்லஉபத்ரெப்லேனியேதான். ஆனால் 34ஆம் பிரிவில் அதே ஆங்கிலத் தொடருக்கு 'சவ்ரஷேனியே' என்று வருகிறது. வழிதவறச் செய்தல், மயக்கிக் கெடுத்தல் என்று அதற்குப் பொருள். ஒரே ஆவணம், ஒரே ஆங்கிலத் தொடர், இரண்டு ரஷ்யச் சொற்கள். உடன்படிக்கையை மேற்கோள் காட்டும்போது அந்தந்தப் பிரிவில் உள்ளபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. நாமே புதிதாக எழுதும்போது குழந்தைகளுக்கு நேரும் பாலியல் கொடுமைக்கு 'செக்சுவால்னயே நசீலியே' என்பதே தெளிவு. 'சவ்ரஷேனியே'வில் குழந்தையின் சம்மதம் போன்ற ஒரு நிழல் விழுவதால் அதைத் தவிர்ப்பது நல்லது என்றே கருதுகிறோம்.

ஐ.நா. வழக்கில் இன்னொரு வழியும் உண்டு. ஜூன் 15 முதியோர் கொடுமை விழிப்புணர்வு நாள். அதன் ரஷ்யப் பெயரில் ஸ்லஉபத்ரெப்லேனியே பன்மையில் வருகிறது. முதியோரை நேராக அதோடு ஒட்டாமல், 'வ் அத்னஷேனியி', அதாவது 'தொடர்பாக', என்று ஓர் இடைவெளி விட்டுச் சேர்க்கிறார்கள். அலுவல் நடைக்கு இது சரி. வீட்டுப் பேச்சில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வாயால் செய்யும் கொடுமைக்கு வருவோம். 'அஸ்கர்ப்லேனியே'வின் உள்ளே 'ஸ்கோர்ப்' இருக்கிறது. துயரம் என்று பொருள். மனம் நோகச் செய்வதே அவமதிப்பு என்று அந்தச் சொல் சொல்கிறது. இது விளைவைக் குறிக்கும் சொல். வசவைக் குறிக்க 'ப்ரான்', 'ரூகன்' என்று இரண்டு உண்டு. ப்ரான் எழுத்து நடை. பழைய மொழியில் அதற்குப் போர் என்றும் பொருள். ரூகன் அன்றாடப் பேச்சு. கெட்ட வார்த்தைகளின் தொகுதிக்கு 'மாத்' என்று தனிப்பெயர். ஆங்கிலத்தில் ஒருவர் மீது அப்யூஸை வீசி எறிவார்கள். ரஷ்யர் 'அஸீபத் ப்ரான்யு' என்பார்கள்: வசவைப் பொழிதல். தமிழின் வசைமாரி அப்படியே பொருந்துகிறது. இங்கேயும் கருவி வேற்றுமைதான்.

சட்டப்படி அஸ்கர்ப்லேனியே தனி எடை கொண்டது. 2011 டிசம்பர் வரை அது குற்றவியல் சட்டத்தின் 130ஆம் பிரிவு. இப்போது நிர்வாகக் குற்றத் தொகுப்பின் 5.61ஆம் பிரிவு. ஒருவரின் மானத்தையும் கண்ணியத்தையும் நாகரிகமற்ற வடிவில் தாழ்த்துவது என்பது அதன் சாரம். பொய்யைப் பரப்புவது இதில் சேராது. அதற்கு 'கிலெவெத்தா' என்ற வேறு சொல்லும் வேறு பிரிவும் உண்டு.

2010களில் ரஷ்ய இணையத்தில் பரவிய ஒரு புதுச்சொல் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லையே எடுத்து ரஷ்ய எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். கடைசி எழுத்து ரீங்கார ஒலிக்கு உரியது. ஆனாலும் ரஷ்ய ஒலிப்பு விதிப்படி சொல்லின் முடிவில் அது சீறலாக மாறுவதால், கேட்க ஆங்கிலப் பெயர்ச்சொல் போலவே இருக்கும். கொடுமை செய்பவர் 'அப்யூசர்', கொடுமை நிறைந்த உறவு 'அப்யூசீவ்னியே அத்னஷேனியா'. இதைக் கண்டதும் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். தீராது. ரஷ்யத்துக்குள் நுழையும்போது அந்தச் சொல் ஆங்கிலத்தின் ஒரே ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது: நெருங்கிய உறவில், பெரும்பாலும் காதலிலோ குடும்பத்திலோ, ஒருவர் மற்றவரைத் தொடர்ந்து அடக்கி நொறுக்குவது. போதைப்பொருளுக்கோ அதிகாரத்துக்கோ விலங்குக்கோ இதைப் பொருத்த முடியாது. நீதிமன்ற ஆவணத்தில் இதற்கு இடமில்லை. வயதானவர்களிடம் பேசும்போது 'தமாஷ்னி திரான்', வீட்டுக் கொடுங்கோலன், என்ற பழைய தொடர் சட்டென்று புரியும். திரும்ப ஆங்கிலத்துக்கு எடுத்துப் போகும்போது வெறும் அப்யூஸ் என்று விடாமல், உணர்வுரீதி என்றோ உறவு என்றோ ஓர் அடை சேர்த்தால்தான் அந்தக் குறுகிய பொருள் போய்ச் சேரும்.

துறைச்சொற்களில் வேறு வழிகளும் உண்டு. மனித உரிமையோடு அப்யூஸ் வந்தால் 'நருஷேனியே', அதாவது மீறல். ரஷ்யத்தில் உரிமையை மீறுவார்கள், வதைக்க மாட்டார்கள். காவல்துறையின் அத்துமீறலுக்கு 'பிரயிஸ்வோல்', தான்தோன்றித்தனம், பல இடங்களில் மிகப் பொருத்தம். மருத்துவத்தில், வலி மாத்திரையை அடிக்கடி போட்டுப் போட்டே வரும் தலைவலிக்கு 'அபூஸுஸ்னயா கலவ்னாயா போல்' என்று பெயர். லத்தீன் மூலம் நேராக வந்து உட்கார்ந்திருக்கிறது. மதுப் பழக்கக் கோளாறுகளின் நோய்ப்பட்டியலில் 'பாகுப்னயே உபத்ரெப்லேனியே', கேடு தரும் பயன்பாடு, என்று வரும். ஆங்கில மனநல மருத்துவமே மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டி.எஸ்.எம். என்ற கையேட்டின் 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் போதைப்பொருளோடு அப்யூஸ் என்ற நோய்ப்பெயரைக் கைவிட்டுவிட்டது என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. கணினித் துறையில் சேவையகத்தின் மீது வரும் புகாருக்கே 'அபூஸா' என்று கொச்சைப் பெயர். இணையத்தின் தொழில்நுட்ப வழக்கங்களை வகுக்கும் ஆவண வரிசையில் 1997இல் வந்த ஆர்.எஃப்.சி. 2142, இணையத்தில் நடக்கும் அத்துமீறல்களைத் தெரிவிக்க அப்யூஸ் என்ற பெயரில் ஓர் அஞ்சல் பெட்டி வேண்டும் என்கிறது. அங்கே போகும் புகாருக்கே பெட்டியின் பெயர் ஒட்டிக்கொண்டது. கணிதத்தில் குறியீட்டைச் சற்றுத் தளர்வாக எழுதுவதையும் ஆங்கிலேயர் அப்யூஸ் என்பார்கள். ரஷ்யர் 'வோல்னஸ்த்', அதாவது சுதந்திரம், என்று மென்மையாகச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு வாக்கியத்தை எடுத்துச் செய்து பார்ப்போம். மருத்துவமனைக் குறிப்பில், செவிலியரை ஒரு நோயாளி அப்யூஸ் செய்தார் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. முதல் கேள்வி: பாதிக்கப்பட்டது பொருளா, ஆளா? ஆள். ஆகவே ஸ்லஉபத்ரெப்லேனியே விலகுகிறது. இரண்டாவது: வாயாலா, கையாலா? குறிப்பின் பின்பகுதியில் கூச்சல், கெட்ட வார்த்தை என்று ஏதாவது இருந்தால் 'அஸ்கர்பீல்', அவமதித்தார். காயம், சிராய்ப்பு, எக்ஸ்ரே என்று இருந்தால் 'உதாரில்', அடித்தார். மூன்றாவது: ஒரு முறையா, பல நாளா? பல நாள் ஏசியிருந்தால் முற்றுப்பெறா வினையான 'அஸ்கர்ப்லியால்'. குறிப்பில் இவை எதுவுமே இல்லையென்றால் ஊகிக்காமல் எழுதியவரிடம் கேட்க வேண்டும். கேட்க வழியில்லாத நிலையில் 'க்ரூபா அபஷோல்ஸா ஸ் மெட்செஸ்த்ரோய்' என்று எழுதலாம்: செவிலியரிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டார். இது சொல்லையும் செயலையும் இரண்டையும் தாங்கும், எதையும் கூட்டாது. அதன் கீழே, மூலத்தில் உள்ள சொல்லுக்கு ஏசுதல், தாக்குதல் என்று இரு பொருளும் உண்டு என்று ஒரு வரி மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்த்துவிட வேண்டும்.